ஸ்ரீலங்கனை விற்க வேண்டாம், சரி. அடுத்த பில்லை யார் கட்டுவது?

2025 ஜனவரி 6 – ஒரு வாசகரின் கேள்வி

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸை விற்கப்போவதில்லை என்று புதிய அரசாங்கம் சொல்லிவிட்டது. எனக்குச் சந்தோஷம். எதியோப்பியன் எயார்லைன்ஸ் நூறு வீதம் அரசுடையது. ஆபிரிக்காவிலேயே பெரியது, லாபமும் ஈட்டுகிறது. எதியோப்பியா எங்களை விட ஏழை நாடு. அவர்களுக்கு முடிந்தது எங்களுக்கு ஏன் முடியாது? நேர்மையான ஒருவரைத் தலைவராகப் போட்டால் மூன்று வருடத்தில் நிமிர்ந்துவிடாதா?

2025 ஜனவரி 6, இரவு – என் பதில்

நேர்மையான தலைவர் வேண்டும்தான். ஆனால் அந்த நேர்மையானவரிடம் "லண்டன் விமானத்தில் 35 இருக்கை வேண்டும், ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்களை இறக்கு" என்று ஜனாதிபதியின் ஆட்கள் கேட்டால் அவர் என்ன செய்வார்? கற்பனைக் கேள்வி இல்லை இது. 2007 டிசம்பரில் கேட்டார்கள். தலைமை நிறைவேற்று அதிகாரியாக இருந்த பீட்டர் ஹில் முடியாது என்றார். அவருடைய வேலை விசா ரத்தானது.

முன்கதை தெரியாதவர்களுக்கு: 1998இல் எமிரேட்ஸ் 70 மில்லியன் டொலர் கொடுத்து 40 வீதப் பங்கு வாங்கியது. பெரும்பான்மைப் பங்கு அரசிடம், முகாமைத்துவம் பத்து வருடத்துக்கு எமிரேட்ஸிடம் என்று ஒப்பந்தம். 2001 ஜூலையில் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தின் மீது நடந்த தாக்குதலில் விமானங்கள் எரிந்தன. அதையும் தாண்டி நிறுவனம் லாபத்துக்கு வந்தது. விசா விவகாரத்துக்கு அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது, எமிரேட்ஸ் புதுப்பிக்காமல் போய்விட்டது. 2010இல் அவர்களுடைய பங்கையும் 53 மில்லியன் டொலருக்கு அரசே வாங்கியது. அதற்குப் பிறகு வருடக்கணக்காக நட்டம்.

ஆகவே யாருடைய சொத்து என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். முடியாது என்று சொன்ன அதிகாரிக்கு மறுநாள் என்ன நடக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

2025 ஜனவரி 7

எமிரேட்ஸ் காலத்தை நான் பொற்காலம் ஆக்குகிறேன் என்று ஒருவர் கோபித்திருக்கிறார். இல்லை. டுபாய்க்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கிளை போல ஸ்ரீலங்கனை நடத்தினார்கள் என்ற விமர்சனம் அப்போதே இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. நான் சொல்வது சின்ன விஷயம். அந்தப் பத்து வருடத்தில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. மேலிடத்திலிருந்து கோல் வந்தால் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருந்தது.

நான் கொழும்பில் ஒரு டிக்கெட் ஏஜென்சியில் கணக்கு எழுதியவன். டிக்கெட் விலையில் ஒன்பது வீதம் கமிஷன் கிடைத்த காலம் அது. சித்திரைப் புத்தாண்டு, ஹஜ், மடு, வேளாங்கண்ணி என்று சீசன் வந்தால் சென்னை, திருச்சி விமானங்களில் இடமே இருக்காது. ஆனால் யாராவது ஒரு அமைச்சரின் செயலாளர் கோல் எடுத்தால் இடம் பிறக்கும். இடம் போனவர் எங்கள் கவுன்டரில் வந்து சத்தம் போடுவார். எந்தக் கம்பனி என்று எழுத மாட்டேன். எல்லாக் கம்பனியிலும் ஏதோ ஓர் அளவில் நடந்தது. தனியார் கம்பனிகளில் மட்டும் அதற்கு ஒரு எல்லை இருந்தது.

2025 ஜனவரி 9

எதியோப்பியா பற்றி. இது நீளும்.

1945இல் அமெரிக்காவின் டிடபிள்யூஏ நிறுவனத்தின் உதவியோடு தொடங்கியது. 1946 ஏப்ரலில் கெய்ரோவுக்கு முதல் பறப்பு. பேரரசர் காலத்தில் பிறந்தது, 1974க்குப் பின் மார்க்சிய இராணுவ ஆட்சி, 1991க்குப் பின் இன்னொரு ஆட்சி, பிறகு இன்னொன்று. இத்தனை ஆட்சியிலும் கம்பனி கலையவில்லை. மொஸ்கோவோடு கைகோத்திருந்த காலத்திலும் அவர்கள் வாங்கியது போயிங். 1984இல் 767 விமானத்தை வொஷிங்டனிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு நிற்காமல் ஓட்டி வந்து தூரச் சாதனை வைத்தார்கள். அதே வருடம் நாட்டில் பெரும் பஞ்சம். குரூரமான முரண்தான். ஆனால் விமானத் தெரிவை அரசியலிடம் கொடுக்காமல் விமானம் தெரிந்தவர்களிடம் விட்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2010இல் பதினைந்து வருடத் திட்டம் ஒன்றை எழுதினார்கள். 2011 டிசம்பரில் ஸ்டார் அலையன்ஸ் என்ற சர்வதேச விமானக் கம்பனிகளின் கூட்டணியில் சேர்ந்தார்கள். 2012இல் ஆபிரிக்காவின் முதல் போயிங் 787 அவர்களிடம் வந்தது. அந்த இடைவெளியில் பிரதமர்கள் மாறினார்கள், திட்டம் மாறவில்லை. 2023/24இல் வருமானம் 7 பில்லியன் டொலர், பயணிகள் 17 மில்லியன்.

கொரோனாவில் என்ன செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பயணிகள் இல்லை. சுமார் 25 பயணிகள் விமானங்களின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றினார்கள். முகக்கவசம், மருந்து, ரோஜாப்பூ. ரோஜாவைச் சும்மா சொல்லவில்லை, எதியோப்பியாவின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று அது. பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்குப் பூ ஏற்றிப் போகும் சரக்கு விமானங்கள் முன்பே ஓடிக்கொண்டிருந்தன. சரக்குப் பிரிவும், விமானத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பணிமனையும், விமானிப் பள்ளியும் சொந்தமாக இருந்ததால்தான் சில வாரங்களில் மாற முடிந்தது. அரசிடம் பிணை எடுப்பு கேட்கவில்லை.

சென்னையிலிருந்து ரொறன்ரோ போக ஒருமுறை இவர்களிடம் டிக்கெட் எடுத்தேன். மலிவு என்பதால்தான், வேறு காரணம் இல்லை. 2022இலிருந்து சென்னைக்கு வருகிறார்கள். அடிஸ் அபாபாவில் விடியற்காலை இறங்கினால் நிலையம் சந்தை மாதிரி. லாகோஸ் வியாபாரிகள், குவாங்சோ போகிறவர்கள், லெபனானில் வீட்டுவேலைக்குப் போகும் இளம் பெண்கள். எதியோப்பியாவுக்கென்று வந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் கொஞ்சப்பேர்தான். ஒரு வேளைக்குள் எல்லா விமானமும் வந்து, ஆட்களை மாற்றி ஏற்றி, எல்லாம் போய்விடுகின்றன. வரிசையில் நின்று இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு சுமார்.

2025 ஜனவரி 9, கொஞ்சம் பிந்தி

"அப்படியானால் நாங்களும் ஒரு பெரிய மையம் கட்டலாமே?"

கட்டினோமே ஐயா. தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம், மத்தள விமான நிலையம். 2013 மார்ச்சில் திறந்தோம். ஸ்ரீலங்கனை அங்கே இறங்கி ஏற வைத்தோம். ஆள் இல்லாத நிலையத்தில் இறங்கி, எரிபொருள் எரித்து, திரும்ப ஏறி, கட்டுநாயக்க வரும். 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய உடனே நிறுத்தினார்கள். பிறகு அங்கே களஞ்சியத்தில் நெல் வைத்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்கள். இங்கே அடி முழுவதும் ஸ்ரீலங்கனுக்கு.

2025 ஜனவரி 15

எதியோப்பியாவைப் பற்றி எழுதியதில் மறுபக்கம் பாக்கி. அதை எழுதாவிட்டால் விளம்பரம் போலாகிவிடும்.

ஒன்று, இடம். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து ஆசியாவுக்குக் கோடு போட்டால் அடிஸ் வழியில் இருக்கிறது. கொழும்பிலிருந்து மேற்கே கோடு போட்டால் டுபாய், டோஹா, அபுதாபி மூன்றும் குறுக்கே நிற்கின்றன. அந்த மூன்று ஊர்க் கம்பனிகளும் கட்டுநாயக்கவுக்கே வந்து ஆள் ஏற்றுகின்றன. லண்டன் போகிற எங்கள் ஆள் விலை பார்த்து அதில் ஏறிவிடுகிறார். எங்களுக்கு இயல்பாக வாய்க்கும் வழி வடக்கிலிருந்து தெற்கும் கிழக்கும்தான். சென்னை, திருச்சி, மதுரை, கொச்சி, ஹைதராபாத் ஆட்களைக் கொழும்பில் மாற்றி மாலே, சிங்கப்பூர், மெல்பேர்ன் அனுப்புவது. அது ஓடுகிறது. ஆனால் இந்தியக் கம்பனிகள் நேரடி விமானம் விடவிட அந்தச் சந்தையும் சுருங்கும்.

இரண்டு, உள்நாட்டில் அவர்களுக்குப் போட்டி கிடையாது என்றே சொல்லலாம். தவிர, 2017இல் நாட்டின் விமான நிலையங்களையும் அதே குழுமத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் விமான நிலையக் கம்பனி தனி, லாபம் பார்க்கிறது. ஸ்ரீலங்கன் அதற்கே கடன்பட்டிருக்கிறது.

மூன்று, அரசின் கை அங்கே இல்லவே இல்லை என்று நினைக்காதீர்கள். பணிப்பாளர் சபைத் தலைவர் விமானப்படைத் தளபதி. எதியோப்பியாவின் வடக்கே நடந்த திக்ரே போரின்போது பயணிகள் விமானத்தில் ஆயுதம் கொண்டுபோனார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது, கம்பனி மறுத்தது.

அப்படியும் லாபம். ஏன்? அரசு அந்தக் கம்பனியைத் தன் டொலர் கறக்கும் பசுவாகப் பார்க்கிறது. கறக்கிற பசுவைப் பட்டினி போட மாட்டார்கள். 2023 டிசம்பரில் எதியோப்பியா தன் சர்வதேசப் பத்திரத்துக்கு 33 மில்லியன் டொலர் வட்டி கட்ட முடியாமல் தவறியது. அந்த நேரத்திலும் விமானக் கம்பனி தன் குத்தகையையும் தவணையையும் கட்டியது. நாடு வங்குரோத்து, கம்பனி இல்லை. எங்கள் நாடு 2022 ஏப்ரலில் கடன் கட்டுவதை நிறுத்தியபோது எங்கள் கம்பனி நாட்டின் கழுத்தில் கட்டிய கல்லில் ஒன்றாக இருந்தது.

2025 ஜனவரி 21

"ஆளணி அதிகம், பாதிப் பேரை அனுப்பினால் சரியாகும்" என்று ஐந்தாறு பேர் எழுதிவிட்டார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இருபது சொச்சம் விமானத்துக்கு ஆறாயிரம் ஆள் என்று வகுத்து, விமானத்துக்கு இத்தனை பேர் என்று சிங்கப்பூரோடு ஒப்பிடும் படம் வருடா வருடம் சுற்றுகிறது. அந்த எண்ணிக்கைக்குள் கட்டுநாயக்கவில் எல்லா வெளிநாட்டு விமானங்களுக்கும் பெட்டி ஏற்றி இறக்குபவர்களும் இருக்கிறார்கள். நிலத்தில் விமானத்தைக் கவனிக்கும் உரிமை அங்கே ஸ்ரீலங்கனுக்கு மட்டும்தான். எமிரேட்ஸ் வந்தாலும் கட்டார் வந்தாலும் படிக்கட்டு வைப்பது இவர்கள், அதற்குக் காசு வாங்குவதும் இவர்கள். காசு வரும் வேலைக்கான ஆளை நட்டத்தின் காரணமாகக் காட்டினால் எப்படி? பொறியியல் பிரிவும் அப்படித்தான்.

அரசியல் நியமனம் இல்லை என்று சொல்லவில்லை. இருந்தது, நிறைய. ஆனால் ஒரு விமானக் கம்பனியின் பெருஞ்செலவு எரிபொருளும் விமானக் குத்தகையும்தான். இரண்டுமே டொலர். சம்பளம் ரூபாய். ரூபாய்ச் செலவை வெட்டி டொலர் ஓட்டையை அடைக்க முடியாது. திறமையான விமானியும் பொறியியலாளரும் ஏற்கெனவே வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்குறைப்பு நடந்தது, போக வேண்டியவர்கள் போகவில்லை.

2025 ஜனவரி 22

மேலே "டொலர் ஓட்டை" என்றேன், எங்கே என்று கேட்கிறார்கள்.

2013இல் எயார்பஸ்ஸிடம் ஆறு ஏ330, நான்கு ஏ350 வாங்க ஒப்பந்தம். இன்னும் நான்கு ஏ350 குத்தகைக்கு. ஏ350 நீண்ட தூர விமானம். எந்த வழிக்கு? ஐரோப்பாவுக்கு என்றார்கள். 2016இல் பாரிஸையும் பிராங்பேர்ட்டையும் நிறுத்திவிட்டார்கள். பாரிஸின் லா சப்பலில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் அன்று திட்டிய திட்டு எனக்கு நினைவிருக்கிறது. விமானத்தை முதலில் வாங்கி வழியைப் பிறகு தேடும் பழக்கத்துக்கு இது பாடப்புத்தக உதாரணம். அந்தக் குத்தகையிலிருந்து வெளியே வர மட்டும் சுமார் 98 மில்லியன் டொலர் கட்ட வேண்டி வந்தது. ஒரு விமானமும் வரவில்லை, ஒரு பயணியும் ஏறவில்லை.

2020 ஜனவரியில் லண்டனில் விஷயம் வெளியே வந்தது. லஞ்ச வழக்குகளை முடிக்க எயார்பஸ் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா மூன்றுக்கும் சேர்த்து 3.6 பில்லியன் யூரோ கட்டியது. பிரிட்டன் ஆவணத்தில் இருந்த ஐந்து நாடுகளில் இலங்கை ஒன்று. ஸ்ரீலங்கன் அதிகாரி ஒருவரின் மனைவியின் கம்பனிக்கு சுமார் 2 மில்லியன் டொலர் போனதாக அதில் இருக்கிறது.

இரண்டு மில்லியனுக்கு ஆசைப்பட்டு எத்தனை நூறு மில்லியன் போனது என்று யோசித்தால் திருட்டே பரவாயில்லை என்று தோன்றும். திருடியது சின்னத் தொகை. தவறான விமானத்தின் விலைதான் பெருந்தொகை.

ஒரு சிரிப்பும் இருக்கிறது. 2016இல் கையில் இருந்த ஏ330 ஒன்றை, ஆளோடு சேர்த்து, பாகிஸ்தானின் அரச விமானக் கம்பனியான பிஐஏவுக்கு வாடகைக்கு விட்டார்கள். பிஐஏ அதை 'பிரிமியர்' சேவை என்று லண்டனுக்கு ஓட்டி நட்டப்பட்டது. நட்டத்தில் இருப்பவன் நட்டத்தில் இருப்பவனுக்கு வாடகைக்கு விட்ட கதை உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

2025 பிப்ரவரி 18

நேற்றைய வரவு செலவுத் திட்டத்தில் ஸ்ரீலங்கனின் பழைய கடனுக்கு 20 பில்லியன் ரூபாய். "பார்த்தீர்களா, திரும்பவும் கொட்டுகிறார்கள்" என்று ஒரு பக்கம், "இது பழைய கடன்தானே" என்று இன்னொரு பக்கம். இரண்டும் சரி.

நட்டம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் சுவாரசியம். மக்கள் வங்கியிலும் இலங்கை வங்கியிலும் கடன். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு எரிபொருள் பாக்கி. விமான நிலையக் கம்பனிக்குப் பாக்கி. எல்லாம் அரசுடையவை. கம்பனி ஒரு பாக்கியைக் கட்டாமல் விட்டால் நட்டம் அங்கிருந்து பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கணக்குக்கு இடம் மாறும். அங்கே விலை கூட்டினால் முச்சக்கரவண்டிக்காரர் கட்டுவார். 2022 மேயில் பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்க, விமானத்தில் காலே வைக்காத ஏழைகள் இந்த நட்டத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்ற பொருளில் பேசினார். அவர் மீது எனக்கு ஆயிரம் குறை. அந்த வாக்கியத்தில் குறை இல்லை.

இதற்கு வெளியே 175 மில்லியன் டொலர் பத்திரம், 7 வீத வட்டி, அரச உத்தரவாதம். 2024 ஜூனில் முதிர்ந்தது. கட்டவில்லை.

2021/22இல் சுமார் 163 பில்லியன் ரூபாய் நட்டம் என்பதைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். அதில் பெரும்பகுதி ரூபாய் விழுந்ததால் வந்தது. 2022 மார்ச் ஒரே மாதத்தில் 200இலிருந்து 300 அளவுக்கு ஓடிய டொலர், கடனை ரூபாயில் எழுதும்போது ஊதிவிட்டது. அதே போல ரூபாய் ஏறிய வருடத்தில் லாபம் என்று அமைச்சர்கள் கைதட்டுவார்கள். அதையும் நம்பாதீர்கள். வட்டிக்கும் நாணய மாற்றுக்கும் முன், விமானத்தை ஓட்டியதில் மட்டும் என்ன மிஞ்சியது என்ற வரியைப் பாருங்கள். அந்த வரி நேராக இருந்தால் கம்பனிக்கு உயிர் இருக்கிறது, கடன்தான் நோய். அது கோணலாக இருந்தால் கடனை முழுக்கத் தள்ளுபடி செய்தாலும் ஐந்து வருடத்தில் இதே இடத்துக்கு வருவோம்.

அந்த 2022இல் கட்டுநாயக்கவில் எரிபொருளே இல்லாமல் எங்கள் விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. அப்படியும் பறந்தார்கள். அந்த ஊழியர்களுக்கு ஒரு கும்பிடு.

2025 பிப்ரவரி 20

விற்றுவிடு கட்சிக்கு.

கென்யா எயார்வேஸ் 1996இலேயே தனியார்மயம், நெதர்லாந்தின் கேஎல்எம் விமானக் கம்பனிக்கு 26 வீதம். கொஞ்சக் காலம் எல்லோருக்கும் முன்மாதிரி. பிறகு பெரிய விரிவாக்கத் திட்டம், புது விமானங்கள், 2014/15இல் 25.7 பில்லியன் ஷில்லிங் நட்டம். 2017இல் அரசும் வங்கிகளும் கடனைப் பங்காக மாற்றிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 2024இல்தான் பத்து வருடத்துக்கு மேல் கழித்து லாபம் பார்த்தது. பேராசை தனியாருக்கும் வரும்.

எயார் இந்தியாவைப் பாருங்கள். 2007இல் இந்தியன் எயார்லைன்ஸோடு இணைத்தார்கள், அதற்கு முன்பே 111 விமானங்களுக்கு ஓடர் கொடுத்திருந்தார்கள். 2012இல் முப்பதாயிரம் கோடி இந்திய ரூபாய்க்கு மேல் போட்டு மீட்புத் திட்டம். 2018இல் 76 வீதத்தை விற்கப் பார்த்தபோது ஒருவரும் வரவில்லை. மிச்ச 24 வீதத்தை அரசு வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் என்றால் எவன் வருவான்? 2021இல் நூறு வீதம், எவ்வளவு கடனை எடுக்கலாம் என்பதையும் வாங்குபவரே சொல்லலாம் என்று மாற்றினார்கள். டாடா 18,000 கோடிக்கு எடுத்தது. அதில் ரொக்கம் 2,700 கோடி மட்டும், மிச்சம் கடன். அந்தக் கணக்கில் 61,562 கோடிக் கடன் இருந்தது, டாடா எடுக்காத 46,000 கோடிக்கு மேல் அரசின் தலையில்தான். விற்ற பிறகும் லாபம் வந்துவிடவில்லை. ஆனால் நட்டம் டாடாவின் பணம்.

ஸ்ரீலங்கனை விற்கப் பார்த்த எங்கள் 2024 முயற்சியில் ஆறு விண்ணப்பம் வந்தன, ஒன்றும் கைகூடவில்லை. 510 மில்லியன் டொலர் கடனை அரசு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியும்.

ஆக, விற்றாலும் கடனைக் கட்டப்போவது நாங்கள்தான். விற்காவிட்டாலும் நாங்கள்தான். விற்பதால் கிடைப்பது ஒன்றே, அடுத்த நட்டத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. அது சின்ன லாபமா என்று கேட்டால், இல்லை, பெரிய லாபம். எனக்கே இதில் மனம் இரண்டு பக்கமும் போகிறது.

2025 மார்ச் 31

நேற்று திருச்சி – யாழ்ப்பாணம் இண்டிகோ தொடங்கியது. உடனே கேள்வி: "எங்கள் நாட்டுக் கம்பனி ஏன் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வராது?"

முதலில் தொழில்நுட்பம். பலாலி ஓடுபாதை இப்போதைக்கு ஏடிஆர் மாதிரிச் சிறிய விசிறி விமானங்களுக்குத்தான். ஸ்ரீலங்கனிடம் இருப்பதெல்லாம் எயார்பஸ் ஜெட். ஒரு வழிக்காக ஒரு புது வகை விமானம் என்றால் அதற்குத் தனி விமானிகள், தனிப் பயிற்சி, தனி உதிரிப்பாகம். அந்த வழி நிரம்பி வழிந்தாலும் காசு மிஞ்சாது. "தேசியக் கம்பனி, ஆகவே வர வேண்டும்" என்று நாங்கள் கத்தினால், மத்தளக்காரர் கத்தியதற்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? அந்தக்கால அரசுக் கம்பனியான எயார் சிலோன் பலாலியிலிருந்து திருச்சிக்கு ஓடிய காலத்தை எங்கள் அப்பாக்கள் சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள். எனக்கும் ஆசைதான்.

ஆனால் இதில் ஒரு அழகான விஷயத்தைக் கவனியுங்கள். 2019 நவம்பரில் சென்னை – பலாலியைத் தொடங்கியது அலையன்ஸ் எயார். கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. அது இந்திய அரசுடைய கம்பனி. எயார் இந்தியாவை விற்றபோது அதை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டார்கள். தனியார் ஒருவரும் தொடாத வழியை அரசுக் கம்பனி திறந்தது. ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, 2024 செப்டம்பரில் இண்டிகோ வந்தது. பிறகு திருச்சியும். அரசுக் கம்பனிக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான். லாபம் பார்ப்பது மட்டும் அதன் வேலை என்றால் அதை அரசு வைத்திருக்கவே தேவையில்லை.

அந்த வேலைக்கான கூலியை யார், எப்போது, எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது என்பதில்தான் எல்லாம் சறுக்குகிறது. இந்தியாவின் உடான் திட்டத்தில் ஒரு முறை உண்டு. சின்ன ஊருக்குப் பறக்க எவ்வளவு மானியம் வேண்டும் என்று கம்பனிகள் கேட்கும், குறைவாகக் கேட்பவருக்கு மூன்று வருடம் அந்த வழி. பாதி இருக்கைக்கு விலை உச்சவரம்பு. அரசுக் கம்பனியோ தனியாரோ, ஒரே மேசை. மானியம் எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். ஸ்ரீலங்கனை மத்தளவுக்கு அனுப்பியவர்கள் அந்தத் தொகையை எந்தப் பாராளுமன்றத்திலும் கேட்டு வாங்கவில்லை. கம்பனியின் நட்டத்துக்குள் தள்ளிவிட்டார்கள். பிறகு கம்பனிக்குத் திறமை இல்லை என்றார்கள்.

என் நிபந்தனை ஒன்றே: அமைச்சர் எந்த வழிக்குப் பறக்கச் சொன்னாலும் சொல்லட்டும், எழுத்தில் சொல்லட்டும், கீழே ஒரு தொகையும் திறைசேரி முத்திரையும் இருக்கட்டும்.

2025 ஏப்ரல் 2

உடானைப் புகழ்ந்ததற்குச் சேலத்துக்காரர் ஒருவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் ஊருக்கு 2018இல் விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023இல் திரும்பத் தொடங்கியது. "மானியம் தீர்ந்தால் விமானமும் தீரும்" என்கிறார். இந்தியக் கணக்காய்வாளரின் 2023 அறிக்கையே அவர் பக்கம். 774 வழிகளில் 403 தொடங்கவே இல்லை. மூன்று வருடத்துக்கு மேல் தாங்கியவை 54.

சரி, மோசமான எண்தான். ஆனால் அந்த எண் இருக்கிறது பாருங்கள். எந்த வழி செத்தது, எவ்வளவு செலவில் செத்தது என்று எடுத்துச் சொல்ல ஒரு அறிக்கை இருக்கிறது. மத்தளவுக்கு ஒவ்வொரு முறை இறங்கி ஏறியதற்கும் என்ன செலவானது என்று எனக்கு எடுத்துக் காட்டுங்கள், நான் உடானைப் பற்றிப் பேசுவதை விட்டுவிடுகிறேன்.

2025 ஏப்ரல் 3

மேலே "கூலி" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு நான் சோசலிஸ்ட்டா முதலாளித்துவவாதியா என்று தனி விவாதமே ஓடியிருக்கிறது. கணக்கு எழுதினவன். வரவு, செலவு.

2025 ஏப்ரல் 11

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "ஸ்ரீலங்கனின் கேட்டரிங் கம்பனி லாபத்தில் இருக்கிறதே, அதை விற்றுக் கடனில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு, விமானத்தை மட்டும் அரசு வைத்துக்கொள்ளலாமே?"

நல்ல யோசனை போலத்தான் தெரியும், திரும்பத் திரும்ப வரும் யோசனையும்கூட. அந்தக் கம்பனி ஏன் லாபத்தில் இருக்கிறது? சமையல் ருசிக்காகவா? கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் விமானங்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேறு ஆள் இல்லை, அதனால். பெட்டி ஏற்றும் பிரிவும் அதே கதை. வாங்க வருகிறவர் முதல் நாளே கேட்பார்: இரண்டாவது ஆளுக்கு உரிமம் கொடுப்பீர்களா, எப்போது? கொடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் நல்ல விலை கிடைக்கும், ஏகபோகம் ஒரு தனியாருக்குப் போகும், வெளிநாட்டுக் கம்பனிகளுக்குக் கட்டணம் ஏறும், டிக்கெட் விலையில் அது நம்மிடம் வரும். கொடுப்போம் என்றால் விலை பாதியாகும். விற்ற மறுநாளிலிருந்து விமானக் கம்பனியின் ஒரே நிச்சய வருமானமும் போய்விடும், அதே சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டி வரும்.

விற்கக்கூடாது என்று சொல்லவில்லை. உரிமக் கேள்விக்கு அமைச்சரவை பதில் சொல்லட்டும், பிறகு விலை பேசலாம்.